இடது கன்னம், வலது கன்னம்

“தண்ணி! முதல் பேரே தண்ணி. இதுக்கா இத்தனை விலை?”

பூதக்கண்ணாடி அந்தச் சின்னக் கண்ணாடி டப்பாவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பெயின்ட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. தூசு தும்பு விடாமல் ஆராய்கிறவர் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

“முகத்துக்குப் பூசற க்ரீம்ல தண்ணி இல்லாம ரோட்டுத் தாரா இருக்கும்?” என்றாள் மனைவி. ஆபீஸ் தோழி சொன்னாளே என்று ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தாள். இன்னும் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“இரு, இதையும் பாரு.” அவர் பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தார். வரும் வழியில் மருந்துக்கடையில் வாங்கியது. விலை அதில் கால்வாசிகூட வராது. “கலந்திருக்கற பொருள் பட்டியல்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், அதான் முறை. உன்னுதுல தண்ணி, கிளிசரின், நியாசினமைடு. இதுலயும் தண்ணி, கிளிசரின், நியாசினமைடு! ரெண்டுலயும் வாசனைகூடக் கிடையாது. டப்பாவைத் தவிர என்ன வித்தியாசம், சொல்லு?”

“வரிசைதானே போட்டிருக்கான், அளவு போட்டிருக்கானா? உங்க கம்பெனி வருகைப் பதிவுல நீங்களும் மேனேஜரும் அடுத்தடுத்த பேர். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா?”

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. இவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்? ஆனாலும் விடுவாரா மனுஷர்!

“பேச்சே வேண்டாம். பரிசோதனை பண்ணிடுவோம். எங்க ஆலையில என்ன பண்ணுவோம்? ஒரே பலகையில பாதிக்கு இந்தப் பெயின்ட், பாதிக்கு அந்தப் பெயின்ட். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா வண்டவாளம் தெரிஞ்சுடும்.”

“பலகைக்கு எங்கே போறது?”

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“அட கர்மமே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சம்மதித்தாள்.

ஒப்பந்தம் இதுதான். கன்னத்துக்குக் கன்னம் வித்தியாசம் தெரிந்தால், மாதா மாதம் அவரே அந்த விலை உயர்ந்த க்ரீமை வாய் பேசாமல் வாங்கித் தர வேண்டும். தெரியாவிட்டால் அவள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. தீர்ப்புச் சொல்ல அவருடைய அக்கா. துணிக்கடையில் நிறம் பொருத்திக் கொடுக்கிறவள். நாமெல்லாம் வெள்ளை என்று சொல்லிவிட்டுப் போகிற துணியில் நாலு விதம் காட்டுவாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் காலி டப்பாக்களில் க்ரீமை வழித்து நிரப்பினார். ஒன்றுக்குச் சிவப்புப் புள்ளி, ஒன்றுக்கு நீலப் புள்ளி. எதில் எது என்று மூச்சு விடவில்லை.

“தெரிஞ்சா உன் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். சிவப்பு இடது கன்னம், நீலம் வலது கன்னம். மாத்தினே, ஆட்டம் குளோஸ்!”

அவளும் சிரத்தையாகத்தான் பூசினாள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, இடது பக்கம் திரும்புவாள், வலது பக்கம் திரும்புவாள், உதட்டைப் பிதுக்குவாள்.

“ஏங்க, ரெண்டும் தொட்டா ஒரே மாதிரிதான் இருக்கு.”

“அதைத்தானே அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!”

பாவம், அவள் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வேண்டும், விருந்தாளிக்கு வேண்டும் என்றே கடை ஏறி இறங்கியவள், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். அதுவும் கை நழுவிப் போகப் போகிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். தம்பி மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

“நல்லாப் பாருங்க அண்ணி. இடது பக்கம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இல்லை?”

“பொய் சொல்ல மாட்டேம்மா. ரெண்டும் ஒண்ணுதான். துளி வித்தியாசம் கிடையாது.”

“பார்த்தியா! பார்த்தியா!” பூதக்கண்ணாடி தரையில் நிற்கவில்லை. “எல்லாம் பேருக்குக் குடுக்கற காசு! உள்ளே இருக்கறது ஒரே சரக்கு!”

அவள் கண் கலங்கிவிட்டது. “சரிங்க. தோத்துட்டேன். இனிமே கேக்க மாட்டேன்” என்று எழுந்தாள்.

“இரும்மா” என்றாள் அக்கா. அவள் பார்வை தம்பி மேல் நின்றது. “டேய், நீ இப்படி வெளிச்சத்துக்கு வா.”

“நானா? நான் எதுக்குக்கா?”

“வாடான்னா!”

வந்தார். அக்கா அவர் முகவாயையும் பிடித்துத் திருப்பினாள்.

“அவ முகம் போன மாசம் எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. உன் மூஞ்சி எப்படிடா இந்தப் பளபளப்பு பளபளக்குது? கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக்கூடக் காணோமே!”

மனைவி அருகில் வந்து உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, சிவப்பு டப்பாவுல என்ன வெச்சீங்க?”

“அது... நான் வாங்கினது.”

“நீலத்துல?”

“அதுவும் அதேதான்.”

“அப்போ என்னோட க்ரீம் எங்கே?”

பூதக்கண்ணாடி அக்காவைப் பார்த்தார். அக்கா முகவாயை விடுகிற வழியாக இல்லை.

“அவ்வளவு நல்ல க்ரீமைத் தூக்கிப் போட மனசு வரலைக்கா.”