முன் வரிசையில் அப்பா

நான் அங்கே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் என் தோழி சொன்ன கதை இது. கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், கேட்டபடியே எழுதுகிறேன்.

ஆபீசில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர். புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் நாள் முழுக்க, "மன்னிக்கணும் சார், உடனே பார்க்கிறோம் சார்" என்று குழைவதுதான் வேலை. அந்தக் குரல் அடுத்த மேசைக்குக்கூடக் கேட்காது.

அன்று மதியத்திலிருந்தே பூனைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னடி, கால் தரையிலயே நிக்கல?" என்றாள் தோழி.

"சாயங்காலம் எங்க ஆல்பம் வெளியீடு. முழுசா மேடையில வாசிக்கிறோம். அப்பா வர்றார்!"

"நீ பாடுவியா? சொல்லவே இல்லையே! மெலடியா?"

"மெலடியும் இருக்கு. ஆனா நான் பாட மாட்டேன், கத்துவேன்."

அவர்கள் வாசிப்பது பிளாக் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை. கிட்டார்கள் அடைமழை மாதிரி விடாமல் கொட்டும். டிரம்ஸ் மூச்சு விடாது. அதற்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு மெட்டு தவழ்ந்து ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே பூனை தொண்டை கிழியக் கதறுவாள். ஆல்பத்தின் பெயர் 'கறுப்பு ஏரி'.

அப்பா ஆணி ஃபாக்டரியில் பாதி ஆயுசைக் கழித்தவர். காது மந்தம். அவர் தன் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே புதுசாகக் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தாள். பாட்டுகளை அவர் போனிலும் ஏற்றிவைத்தாள். "கேட்டீங்களாப்பா?" என்றால், "நேர்ல கேட்டுக்கிறேம்மா" என்று நழுவிவிடுவார்.

இசைக்கருவிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஹால். உள்ளே முழுக்கக் கறுப்புச் சட்டைகள். நடுவில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா வந்தார். யாரும் உட்காரத் துணியாத இடமாகப் பார்த்து, முன் வரிசையில், பெரிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"உங்கப்பா செம கெத்து!" என்றான் டிரம்ஸ்காரன்.

விளக்குகள் மங்கின. காற்று வீசுவது மாதிரி ஒற்றைக் கிட்டார் மெல்ல ஆரம்பித்தது. அப்பா தலையாட்டினார். பூனை சிரித்துக்கொண்டே மைக் முன்னால் வந்தாள்.

டிரம்ஸ் இறங்கியது. மைக்கை இறுகப் பிடித்து முதல் கத்தலைக் கத்தினாள்.

அப்பா கையைத் தூக்கினார். காது மிஷினைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பூனை அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் அவள் கத்தியதெல்லாம் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துத்தான். ஹால் அதிர்ந்தது. கூட்டம் கைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே அலறியது. கடைசிப் பாட்டு முடிந்தும் விடவில்லை. "இன்னொண்ணு! இன்னொண்ணு!"

"ரெக்கார்டிங்லகூட இப்படி ஒரு குரல் வரலையே!" என்று கிட்டார் வாசிக்கும் நெட்டை குதித்தான்.

டிரம்ஸ்காரன்தான் கெடுத்தான். "முன் வரிசையில வந்து உக்காந்து, காதைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரே உங்கப்பா! அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்."

"நீ சும்மா இருடா."

நேராக அப்பாவிடம் போனாள். பையிலிருந்து மிஷினை எடுத்து அவர் கையில் திணித்தாள். மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"ஏம்ப்பா கழட்டினீங்க? அவ்வளவு கர்ணகொடூரமாவா இருந்துச்சு?"

"இல்லம்மா. இதைப் போட்டுக்கிட்டா நீ கத்துறது கேக்க மாட்டேங்குது."

"காது மிஷின் போட்டா காது கேக்காதா? சொல்றதைக் கொஞ்சம் பொருந்துற மாதிரி சொல்லுங்கப்பா."

"நிஜமாத்தான். நீ ஆரம்பிச்சதும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஆயிடுது. கழட்டிட்டு ஸ்பீக்கர்கிட்ட உக்காந்தா நல்லா கேக்குது." கொஞ்சம் தயங்கினார். "மூணாவது பாட்டுல, அந்த இடி முழக்கத்துக்கு அடியில ஒண்ணு அழுதுக்கிட்டே மேல ஏறுதே, அது யாரு?"

"நெட்டையோட கிட்டார்."

"பிரமாதம். ஆனா பையன் ரொம்ப மெலிஞ்சிருக்கான். நல்லா சாப்பிடச் சொல்லு."

பூனை சிரித்துவிட்டாள். ஆனாலும் மறுநாள் ஆபீசில் தோழியிடம் மறுகினாள்.

"கிட்டாரைப் பத்திச் சொன்னார், சரி. என் குரலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே! பிடிக்காமக் கழட்டிட்டு, என் மனசு நோகக் கூடாதுன்னு ஏதோ கதை விடுறாரோ?"

தோழி அதை அப்படியே என்னிடம் சொன்னாள். கேட்ட எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மிஷின் வாங்கிய கடையை விசாரித்துக்கொண்டு நானே போனேன்.

கடைக்காரர் கேட்டதுமே சிரித்தார்.

"ஆணி ஃபாக்டரிக்காரரா? அந்த நிகழ்ச்சிக்கு முன்னாடியே வந்தாரே! போன்ல ஏதோ பாட்டைப் போட்டுக் காட்டி, 'மிஷின் ரிப்பேர், இதை மட்டும் அடக்கிடுது'ன்னார். 'ரிப்பேர் இல்லீங்க, விடாம வர்ற இரைச்சலை அதுவே குறைச்சிடும், அதுதான் இதோட விசேஷமே'ன்னேன். அதுக்குப் போய் என்கிட்ட சண்டைக்கு வந்துட்டார், தம்பி."

"சண்டையா? என்ன சொன்னார்?"

"'இரைச்சல் இல்லய்யா அது, என் பொண்ணு'ன்னார்."