அப்பாவின் கொடுவா

அடையாறு முகத்துவாரத்தில் அப்பா தூண்டிலில் பிடித்த கொடுவா மீன் மூன்றரை அடி. ஆழ்வார்பேட்டையில் ஒருவரிடம் கொடுத்து, பாடம் செய்து கூடத்தில் மாட்டினார். குடல், செவுள் எல்லாம் எடுத்துவிட்டு உள்ளே மரத்தூள் அடைத்திருந்தது. அது 1969.

தூண்டில் போடப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சேற்று வாசத்தோடு திரும்புவார். அவர் குளிக்க அம்மா வெந்நீர் போட்டு வைத்திருப்பாள்.

அப்பா இறந்த மறுவருஷம் ஒரு ஞாயிறு, வெள்ளையடிப்பதற்காக மீனைக் கழற்றி வாசலில் வைத்தோம். மீன் கூடையோடு வந்த அங்காளம்மாள், தொழில் பழக்கத்தில் குனிந்து செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, விடியக்காலைல புடிச்சதா? செவுளு செக்கச்செவேல்னு கீதே!"

ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அம்மா உள்ளே போய் வெந்நீர் போட்டாள்.