மீட்டர் வைக்காத பெட்டி

தேர்வு மேஜைக்கு அந்தப் பக்கம் மரியாவைப் பார்த்ததும் ஹரோல்டுக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. கேள்வி கேட்கப்போவது பர்னபாஸின் மகள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருப்பார்.

கதிர்வீச்சுப் பொருள்களைப் பத்திரமாகப் பெட்டியில் அடைத்து லாரியில் அனுப்புவது பற்றி, வேலையில் இருப்பவர்களுக்கென்று நந்திதுர்க்கில் நடந்த முதுநிலைப் படிப்பு அது. இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் ஹரோல்டுக்குத் தலைமை மேனேஜர் பதவி. தேறாவிட்டால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்றேழில், தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய ஓர் ஈயப் பெட்டி பங்காருபேட்டை ரோட்டில் மூடி தளர்ந்து கதிர்வீச்சு கசிந்தது. கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்காமலே அனுப்பச் சொன்னவர் மேனேஜர் ஹரோல்ட். விசாரணையில், "மீட்டர் வெச்சிப் பாக்கணும்னே எனக்குத் தெரியாதுங்க. பெட்டி விஷயமெல்லாம் பர்னபாஸுதான்" என்று கழன்றுகொண்டார்.

அவருக்குக் கீழே பெட்டி அடைக்கும் வேலையில் இருந்த பர்னபாஸுக்கு வேலை போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஹரோல்ட் கணீரென்று பைபிள் வாசிப்பதைக் கேட்கப் பிடிக்காமல், மனிதர் சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டார். அன்றிலிருந்து மரியாவின் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் இன்னொரு தேர்வாளர், ஜெயகரன். பெங்களூர் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர். குனிந்து தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

மரியா ஆரம்பித்தாள். "பெட்டிய மூடியாச்சு. மீட்டர் வெச்சிப் பாக்கல. லாரி நிக்குது, மேனேஜர் அனுப்புன்றாரு. இன்னா பண்ணணும் சார்?"

பழி வாங்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஹரோல்டுக்குப் புரிந்துபோயிற்று.

"லாரி நகரவே கூடாது மேடம். போல்ட்டெல்லாம் செக் பண்ணி, பெட்டியச் சுத்தி மீட்டர் வெச்சிப் பாத்துட்டுதான் அனுப்பணும்."

"மீறி அனுப்பினா யார் தப்பு?"

"அனுப்பச் சொன்னவர் தப்புதான்."

மரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈவு இரக்கம் துளிகூட இல்லை. "புஸ்தகத்தப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறீங்க சார். வேலையில கத்துக்கிட்டவரு மாதிரி தெரியல. ஃபெயில்தான் போடணும்."

ஹரோல்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்றுப் பிறந்த பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று நினைத்தார்.

"இன்னாம்மா மனப்பாடம்? தொண்ணூத்தாறுலயே பம்பாய்க்குப் போயி இதுக்கு ட்ரெயினிங் எடுத்தவன் நானு. மீட்டர எப்டிப் புடிக்கணும்னு உங்கப்பாவுக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஜெயகரன் அப்போதுதான் நிமிர்ந்தார். "தொண்ணூத்தாறா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"எப்டி சார் மறக்கும்? என்கூட வந்தவங்க நாலு பேரு இன்னும் வேலையில இருக்காங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

மரியா மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஹரோல்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசும்மா உனக்கு. உங்கப்பா விஷயத்துல, நேரம் அப்டி ஆயிப்போச்சு. மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கல சார். இன்னியோட முடிஞ்சிபோச்சு."

தலைமை மேனேஜர் நாற்காலி கண்முன் தெரிய, ஹரோல்ட் எழுந்து ஜெயகரனுக்குக் கை கொடுத்தார். ஜெயகரன் கையைக் குலுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பர்னபாஸ் அப்பீல் போட்டிருக்காரு. அத விசாரிக்க வந்தவன் நான்."