வீல்சேர் டிக்‌ஷனரி

“எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாங்க மேடம். பச்சைப் பொய்.”

தலைமை நர்ஸின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினாள் அந்தப் பெண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகப் பில்லெல்லாம் கட்டிவிட்டு, போகிற போக்கில் இதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

பொய் சொன்னதாகச் சொல்லப்பட்டவள் கதவோரம் நின்றாள். அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக வீல்சேர் தள்ளுபவள்.

“என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் தலைமை நர்ஸ்.

“முந்தாநாள் அம்மாவோட ரிப்போர்ட் வந்துச்சு. ஒட்டாத கவர். டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார், மூணு மணி நேரம் ஆகும்னாங்க. பிரிச்சுப் பார்த்தா முழ நீளத்துக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“ஃபோன்ல பார்த்திருக்கலாமே?”

“அதுல தலைவலின்னு போட்டாலே ஆளைக் கொன்னுடுது மேடம். பயமா இருந்துச்சு. இவங்கதான் அம்மாவைத் தள்ளிட்டு வந்தாங்க. அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கெஞ்சிக் கேட்டேன். வாங்கிப் பார்த்தாங்க. எனக்கு இங்கிலீஷெல்லாம் வராதும்மான்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மூணு மணி நேரம் நானும் அம்மாவும் அழுதோம். கடைசியில அது வெறும் வயித்துப் புண்ணு.”

“சரி, அவளுக்குத் தெரியும்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?”

“இன்னிக்குக் காலையில லிஃப்ட் வாசல்ல பார்த்தேனே. ட்ரெய்னிங் நர்ஸுங்க நாலு பேர் இவங்களைச் சுத்தி நிக்கிறாங்க. ‘டிக்‌ஷனரிக்கா, இதை உடைச்சுக் குடுங்க’ன்னு ஒரு பொண்ணு கேக்குது. இவங்க கடகடன்னு சொல்றாங்க. ஆஸ்டியோன்னா எலும்பு, மயல்னா மஜ்ஜை, ஐட்டிஸ்னா அழற்சின்னு. எனக்குச் சொல்ல மட்டும் வாய் வலிச்சுதாமா?”

இதில் பொய் ஒன்றும் இல்லை. என்றைக்கோ யாரோ வீல்சேர் பையில் ஒரு புத்தகத்தை விட்டுப் போனார்கள். கேட்டு யாரும் வரவில்லை. ஆங்கில வார்த்தைகளின் கிரேக்க, லத்தீன் வேர்களைச் சொல்லும் புத்தகம். வார்த்தைகளை இப்படிக் கழற்றி மாட்ட முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய டோக்கன் சீட்டுகளின் பின்பக்கம் தினமும் மூன்று வேர் எழுதி, லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனப்பாடம் செய்வாள். டியோடினம் என்றால் பன்னிரண்டு விரற்கடை நீளக் குடல் என்று கண்டுபிடித்த அன்று, தன் வயிற்றில் விரல் வைத்து அளந்து பார்த்தவள்.

“நீ என்ன சொல்றே?” என்றார் தலைமை நர்ஸ்.

“தப்புதாங்க.”

“அந்த வார்த்தை உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?”

“புரிஞ்சுதுங்க.”

“பார்த்தீங்களா மேடம்? நோயாளிங்க பக்கமே இவங்களை விடக் கூடாது. நான் எழுதியே குடுத்துட்டேன்.”

மகள் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைமை நர்ஸ் தாளை இரண்டு தடவை படித்தார். எழுதிக் கொடுத்த புகாருக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

“திங்கக்கிழமையிலேர்ந்து உன்னைத் துணி துவைக்கிற செக்‌ஷனுக்கு மாத்த வேண்டியிருக்கும். தெரியுமா?”

“சிஸ்டர், அங்க மட்டும் வேணாம்.” முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. “நான் இங்க ஆளுங்களோட இருக்கணும்.”

“ஆளுங்க மேல இவ்வளவு பாசம் இருக்கிறவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லணும்னு சட்டம் எனக்கும் தெரியும். ஆனா நல்ல ரிப்போர்ட்டா இருந்தா, நானே போற போக்குல ‘கவலைப்படாதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் போவேன். மனுஷங்கதானே நாமளும்?”

“தெரியும் சிஸ்டர். வார்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“என்ன தெரியும்?”

அவள் தயங்கினாள்.

“சொல்லு.”

“நீங்க ‘கவலைப்படாதீங்க’ன்னு சொல்லாம ஒரு கட்டிலைத் தாண்டிப் போனீங்கன்னா, அன்னிக்கு அந்தக் கட்டில்ல சாப்பாடு அப்படியே இருக்கும்.”

தலைமை நர்ஸ் கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு சற்றே எரிச்சலோடு கேட்டார்.

“யாருக்கும் சொல்லப் போறதில்லன்னா எதுக்கு விழுந்து விழுந்து படிக்கிறே?”

“டாக்டர் ரூம் வாசல்ல வண்டியை விட்டுட்டு அடுத்த ஆளைத் தள்ள ஓடிடுவோம். சில பேரை அப்படி விட்டுட்டு ஓடக் கூடாது சிஸ்டர். யார் அந்தச் சில பேர்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“முந்தாநாள் அந்தப் பொண்ணுகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சாதாரண வயித்துப் புண்ணு.”

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில இன்னொரு அம்மா தனியா உக்காந்திருந்தாங்க. அவங்க மடியிலயும் ஒரு கவர். அதை முதல்லயே என்கிட்ட நீட்டினாங்க. கார்சினோன்னு ஆரம்பிச்சுது. அப்படின்னா நண்டு. கேன்சருக்கு அதுதான் வேர். எனக்கு இங்கிலீஷ் வராதும்மான்னு சொல்லிட்டேன். அடுத்த நிமிஷமே இந்தப் பொண்ணு கேக்குது. பக்கத்துல அந்த அம்மா என் வாயையே பார்த்துட்டு இருக்காங்க.”

தலைமை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“டாக்டர் வர்ற வரைக்கும் அந்த அம்மா என் தோள்ல சாய்ஞ்சு ஒரு மணி நேரம் நிம்மதியாத் தூங்கினாங்க சிஸ்டர். நான் ஒண்ணும் தெரியாத மக்குன்னு நம்பினதாலதான்.”