மேயரின் கை

“அடிப்பாவி! அதையா அணைச்சே?”

நாத்தனார் சொலாஞ்ச் போட்ட சத்தத்தில் மேயர் அலுவலகக் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

மிரேய், கணவர் அர்மோனின் நெஞ்சருகே பிடித்திருந்த சின்ன ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அர்மோன் அந்த மலையூரின் மேயர். பார்க்கின்சன் நோயாளி. கிரனோபிள் நகர ஆஸ்பத்திரியில் மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் பேட்டரி புதைத்து, நடுக்கத்தை நிறுத்தியிருந்தார்கள்.

இன்று அவர் மகள் எலோடிக்குக் கல்யாணம். அந்த நாட்டு வழக்கப்படி மேயர் கல்யாணச் சட்டத்தை வாய்விட்டு வாசித்து நடத்திவைக்க வேண்டும். என் மகளுக்கு வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

இப்போது மேயர்கள் அணியும் மூவண்ணப் பட்டைக்குக் கீழே அவருடைய வலது கை உதற ஆரம்பித்தது.

“மூளைக்குள்ள தாறுமாறா துடிக்கிற நரம்புகளை அந்தக் கரன்ட்தானே அடக்கி வச்சிருக்கு? ஊரே பார்க்க என் தம்பியை இப்படி ஆட விடுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

“அண்ணி, கொஞ்சம் பொறுங்க.”

“என்னத்தைப் பொறுக்கறது? பேட்டரி தீர்ந்துடும்னு கஞ்சத்தனமா?”

முன்வரிசையில் சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். கட்டின மனைவியே இப்படிச் செய்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது!

அர்மோன் எழுந்தார். கையில் சட்டப் புத்தகம் படபடத்தது. மிரேய் அருகில் வந்து அதைத் தாங்கிப் பிடித்தாள்.

“மதிப்பும், உண்மையும், உதவியும், துணையும் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமை...”

குரல் கணீரென்று வந்தது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சம்மதமா என்று கேட்டபோது எலோடி அழுதுகொண்டே தலையை ஆட்டி, “சம்மதம்” என்றாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் சொலாஞ்ச் பாய்ந்து வந்தாள்.

“அதான் முடிஞ்சுதே, இப்பவாவது அதைப் போட்டுத் தொலைடி!”

“அவளைத் திட்டாதக்கா. அணைக்கச் சொன்னதே நான்தான்” என்றார் அர்மோன். “அந்தக் கரன்ட் கையை அடக்குது. ஆனா பக்கத்துல கசிஞ்சு நாக்கையும் கட்டிப்போடுது. ரெண்டுல ஒண்ணுதான் எனக்குக் கிடைக்கும்.”

“அதுக்காக? இப்படிக் கை ஆடினா ஊர் என்னடா பேசும்?”

“நோயாளின்னு பேசும். பேசட்டும். போன மாசம் ஒரு கல்யாணத்துல எனக்கு வாய் குளறினப்போ, ‘காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்’னு முதல்ல சிரிச்சது நீதானேக்கா?”