ஆர்டர் குவியுது

“ஏளா, இந்த மாசமும் கிரெடிட் கார்டுல முப்பத்தெட்டாயிரமா? சேலையா, நகையா? வீட்டுல ஒண்ணையும் காணோமே!” மனைவியின் போனில் வந்த பில் தொகையைப் பார்த்துக் கத்தினான் லிங்கதுரை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப, தலை பின்னிக்கொண்டிருந்தாள் டீச்சர் பொன்செல்வி. “என் சம்பளத்துல நான் கட்டுதேன். உங்களுக்கு என்ன?”

“என்னைப் பார்த்துப் படி. ஹார்பர் வேலையை விட்டுட்டு ஆன்லைன்ல கருப்பட்டி விக்க ஆரம்பிச்சு ஆறே மாசம். ஏரல், சாத்தான்குளம், நாசரேத்துன்னு ஆர்டர் குவியுது! நான் சம்பாதிக்கேன், நீ அழிக்க.”

அவன் கையிலிருந்த அவள் போன் ஒலித்தது. அவளோடு கல்லூரியில் படித்த ஏரல் தோழி. அவனே ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏளா செல்வி, உனக்குப் புண்ணியமாப் போகும். இனிமே எனக்குக் கருப்பட்டி அனுப்பாத. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் ஏறிட்டு. போன மாசம் வந்ததே பானை நிறையக் கெடக்கு.”

பொன்செல்வி பின்னலை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

லிங்கதுரை முதல் தடவையாக அந்த பில்லைத் திறந்து படித்தான். பதினாறு வரியிலும் ஒரே கடையின் பெயர்தான் இருந்தது.

‘லிங்கதுரை கருப்பட்டி.’