ஒரு சாண் திறந்த கதவு

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. டெல்ஃபீன் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

உள்ளே மருமகன் குயின்டன்.

இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பகை ஒன்றுமில்லை. வட அமெரிக்கப் பழங்குடியான பிளாக்ஃபுட் மக்களிடம் மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையில் மரியாதை என்றால் அதுதான்: பேசக்கூடாது, எதிரே நிற்கக்கூடாது. அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே அவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான்.

"ஒருத்தருக்கொருத்தர் ஒளிஞ்சு ஓடியே ரெண்டு பேருக்கும் கால் உரமாயிடுச்சும்மா" என்று மகள் ஷான்டெல் கேலி செய்வாள்.

இன்று அவன் போகவில்லை. அவள் நுழைந்தபோதே உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தியைக் குளிப்பாட்டுகிறான் போல. பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போவான்?

வீட்டில் பிளாக்ஃபுட் மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வளர்ந்தபிறகு படித்துக் கற்றுக்கொண்டது. குழந்தையிடம் அதில் மட்டுமே பேசுவான். டெல்ஃபீனின் அம்மா அந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள். பிள்ளைகளிடம் அதில் வாயே திறக்கவில்லை.

நேற்று குழந்தை டெல்ஃபீன் மடியில் ஏறி அந்த மொழியில் எதையோ கேட்டது. பாலைக் கொடுத்தாள். இல்லை. பொம்மையைக் கொடுத்தாள். இல்லை. அழுதுகொண்டே இறங்கிப் போய்விட்டது.

இனி ஒருமுறை அப்படி இறங்கிப் போக விடமாட்டாள்.

"ஓக்கீ" என்றான் குயின்டன். தண்ணீர் விழும் சத்தம். மறுபடி "ஓக்கீ." மறுபடி அதே சத்தம்.

தண்ணீர்! யாரும் பொருள் சொல்லவில்லை. சொல்லும் சத்தமும் ஜோடியாக வந்தபோது காது தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

பிறகு அவன் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

"ஓகீ" என்றாள் டெல்ஃபீன், வெளியிலிருந்து மெல்ல.

உள்ளிருந்து, தொண்டையைச் சற்றே உரசியபடி, நிதானமாக வந்தது: "ஓக்கீ."

குழந்தையைத் திருத்துகிறான் என்று நினைத்தாள். அவளும் தொண்டையை உரசிச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் உடம்பு சிலிர்த்தது. உள்ளே அவன் சந்தோஷமாகத் தண்ணீரைத் தட்டினான்.

முன்கதவு திறந்து குளிர்காற்று அடித்தது. ஷான்டெல் பூட்ஸிலிருந்து பனியை உதறினாள். அவள் தோளில், கம்பளிக் குல்லாயோடு, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்பம்மா வந்தே? நானும் பாப்பாவும் காலையிலயே கடைக்குக் கிளம்பிட்டோமே..."

டெல்ஃபீன் உதட்டில் விரல் வைத்தாள்.

உள்ளே, யாருமில்லாத தொட்டியில், அவன் அடுத்த சொல்லைத் தொடங்கியிருந்தான்.